கூடமாட

மேட்டூர் அணையின் உச்ச நீர்மட்டம் 120 அடி. 1934இல் கட்டி முடித்த அணை. கோடையில் நீர் இறங்கினால் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே தெரியும்.

அக்கா கரையில் வலைக் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். வெயிலில் கரையோரத் தண்ணீர் சுட்டுவிட்டால் மீன் பழைய ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கிவிடுமாம். பொழுது சாய வலை விட்டு, விடியுமுன் எடுக்க வேண்டும். இரண்டு முறையும் பரிசலுக்குத் துடுப்புப் போடுவது அக்கா. வலை இழுப்பதும் உரிமம் வைத்திருப்பதும் வீட்டுக்காரர்.

"அப்ப நீங்களும் மீனவர்தானே?"

"நான் கூடமாட போறவ, கண்ணு."

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் நெய்தல் பெண்கள் மீன் உணக்கினார்கள், உப்பு விற்றார்கள். துடுப்புப் பிடித்த கையை நான் தேடவே இல்லை.

கிழிசலைக் காட்டினார். "இது மீன் கிழிச்சதில்ல. அடியில குட்டிச்சுவரு. எங்க அம்மாயி ஊரு அங்கதான்."