எரிமலைப் பாறையில் பப்பாளி... ஹவாய் தீவில் கற்ற பாடம்!

‘பப்பாளியில் நுனி இலை மஞ்சளாகிச் சுருங்குகிறது, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்?’ என்ற கேள்வி, இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்குப் புதிதல்ல. நானும் கேட்டவன்தான். ஒன்றரை ஏக்கர் ரெட் லேடி பப்பாளியை வளையப்புள்ளி வைரஸுக்குப் பறிகொடுத்து, காய்க்கிற மரங்களை வேரோடு பிடுங்கிக் கொளுத்தியிருக்கிறேன். மருந்தே இல்லாத இந்த நோயை ஓர் ஊர் எப்படிச் சமாளித்தது என்று நேரில் பார்க்கும் வாய்ப்பு, என் மகளால் கிடைத்தது.

பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஹவாய் தீவுகள், அமெரிக்காவின் ஒரு மாநிலம். அங்கே ஹொனலுலு நகரின் மனோவா பள்ளத்தாக்கில் ஹவாய் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் ‘மூலக்கூறு உயிர் அறிவியல் மற்றும் உயிரிப் பொறியியல்’ துறையில் மகள் முனைவர் பட்டம் படிக்கிறாள். பெயரைக் கேட்டே மிரண்டிருந்த எனக்கு, ஆய்வகத்துக்குள் போனதும் பயம் போய்விட்டது. நோய் கண்ட இலையை உறைய வைத்துப் பொடியாக அரைக்கிறார்கள். அதை ஒரு பெட்டியில் வைத்துப் பரிசோதிக்கிறார்கள். “கொரோனா காலத்துல மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களேப்பா, அதே பி.சி.ஆர். சோதனைதான். அங்க மனுஷனுக்கு, இங்க செடிக்கு” என்றாள்.

மறுநாள் விமானத்தில் ஹிலோ போய், அங்கிருந்து காரில் பூனா பகுதிக்குச் சென்றோம். மண் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையை இயந்திரத்தால் உடைத்துவிட்டு, அந்தக் கல் இடுக்கில் பப்பாளி நடுகிறார்கள். நல்ல மழை; தண்ணீர் தேங்காத நிலம். பப்பாளிக்கு வேறென்ன வேண்டும்? விவசாயிகளில் பலர் பிலிப்பைன்ஸிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தினர்.

முன்பு ஹொனலுலு இருக்கும் ஒவாஹு தீவில்தான் பப்பாளி சாகுபடி அதிகம். 1940-களில் அங்கே வைரஸ் பரவியதால், சாகுபடி மெல்ல மெல்ல பூனாவுக்கு இடம்பெயர்ந்தது. 1992-ம் ஆண்டு மே மாதம் வைரஸ் பூனாவுக்கும் வந்துவிட்டது. ஆறே ஆண்டுகளில் அங்கே மகசூல் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது.

ஆனால், நோய் வந்து சேரும் முன்பே ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. ஹவாயில் பிறந்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டென்னிஸ் கோன்சால்வ்ஸ் தலைமையில், 1980-களிலேயே இந்த வேலையில் இறங்கிவிட்டார்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் மான்ஷார்ட்டிடம் ஆய்வு மாணவியாக இருந்த மொரீன் ஃபிட்ச், வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவை டங்ஸ்டன் துகள்களில் பூசி, ‘ஜீன் துப்பாக்கி’ மூலம் பப்பாளிக் கருக்களுக்குள் செலுத்தினார். அதில் வந்த செடிகளில் 55-1 என்ற வரிசை நோய்க்கு அசைந்து கொடுக்கவில்லை. பூனாவில் வைரஸ் தென்படுவதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஒவாஹுவில் அதன் வயல் சோதனை தொடங்கியிருந்தது! அதிலிருந்து வந்த ‘ரெயின்போ’ ரக விதையை 1998-ம் ஆண்டு மே மாதம் விவசாயிகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ரெயின்போ ஒட்டுரகம் என்பதால், அதன் பழத்திலிருந்து எடுத்த விதை அதே குணத்தோடு வராது. மரபணு மாற்றிய பழத்துக்கு ஜப்பான் 2011-ம் ஆண்டு கடைசியில்தான் கதவு திறந்தது. மகரந்தம் கலந்துவிடுமே என்று இயற்கை விவசாயிகளுக்குக் கவலை. அங்கே இந்த வாதம் இன்னும் ஓயவில்லை. 2018-ல் எரிமலை மறுபடி வெடித்து, கபோஹோ பகுதியின் பப்பாளித் தோட்டங்கள் பலவற்றை மூடிவிட்டது. அதற்கு எந்த ஆய்வகத்திலும் பதில் கிடையாது.

“அந்த விதையில நாலு கொண்டுபோனா என்ன?” என்று மகளிடம் கேட்டேன். “நம்ம நாட்டுல அதுக்கு அனுமதி கிடையாதுப்பா. கொண்டுபோனாலும் பிரயோஜனமில்ல. அது ஹவாய் வைரஸ வச்சு உருவாக்குனது. வேற நாட்டு வைரஸ் கொஞ்சம் மாறியிருந்தா, ரெயின்போ தாங்காது” என்றாள்.

ஊர் திரும்பும் வரை அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஹவாய்க்காரர்கள் தங்கள் தோட்டத்து வைரஸைத் தாங்களே படித்தார்கள். நம் தோட்டத்து வைரஸை நாம்தான் படிக்க வேண்டும். மரபணு மாற்றம் வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு விவாதம். எந்த வழியில் போனாலும், எதிரியைத் தெரிந்த ஆட்கள் நமக்கு வேண்டும். கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. பிள்ளை இதைப் படிக்க ஆசைப்பட்டால், ‘இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?’ என்று கேட்டுவிடாதீர்கள்.

அதுவரை நாம் செய்யக்கூடியது: நாற்றைப் பூச்சி புகாத வலைக்குள் வளர்ப்பது, அசுவினி உள்ளே வராமல் வரப்போரம் இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைப்பது, பூசணி, வெள்ளரி வகைகளைப் பக்கத்தில் போடாமலிருப்பது, நோய் கண்ட செடியை அன்றே பிடுங்கி அழிப்பது. ‘காய் இருக்கே’ என்று நான் பத்து நாள் தயங்கினேன். ஒன்றரை ஏக்கரும் போனது அந்தப் பத்து நாளில்தான்.