அப்பத்தாவின் மாதுளை



எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு மாதுளை மரம் இருக்கிறது. உயரம் ஒன்றரை அடி. "செடின்னு சொல்லுடா" என்று சிரிக்காதீர்கள். அது மரம்தான். அதன் கதையைக் கேளுங்கள்.

சிவகங்கைப் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நாட்டு மாதுளை நின்றது. அப்பத்தா கல்யாணமாகி வந்த வருஷம் வைத்தது. நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது பாகப்பிரிவினையில் அந்த வீட்டை விற்கும்படி ஆகிவிட்டது. வாங்கியவர் இடித்துக் கட்டப் போவதாகச் சொல்லி, தீபாவளி வரை தவணை கொடுத்தார். அப்பத்தா பாத்திரம் பண்டம் எதையும் பற்றிக் கேட்கவில்லை. "அந்த மரத்த என்னப்பா செய்யப் போறே?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார்.

நாங்கள் மதுரையில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பெரிய தொட்டி வைத்தால் தளம் ஒழுகும், வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அறிவியல் சாரிடம் சொன்னேன். "போன்சாயா வளர்க்கலாமேடா" என்றார். போன்சாய் என்பது ஜப்பானியச் சொல். 'தட்டில் நட்டது' என்று பொருள். ஆனால் இந்தக் கலை சீனாவிலிருந்துதான் ஜப்பானுக்குப் போனது.

ஆடி மாதம் நானும் அப்பாவும் ஊருக்குப் போய்ப் பதியம் போட்டோம். பெருவிரல் கனமுள்ள ஒரு கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்தோம். ஈரத் தேங்காய் நார்க் கழிவை அந்த இடத்தில் வைத்து, பாலிதீன் தாளைச் சுற்றி இரண்டு பக்கமும் கட்டினோம். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். அங்கே பட்டை இல்லாததால் உணவு மேலேயே தேங்கி வேர் விடும். தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறுவதால் கிளை வாடாது. பாடத்தில் நாம் மனப்பாடம் செய்கிற புளோயம், சைலம் இதுதான்!

ஐப்பசியில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரிந்தது. வேருக்குக் கீழே வெட்டி எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அடுத்த வாரம் வீட்டை இடித்துவிட்டார்கள்.

ஒரு வருஷம் சாதாரண மண்தொட்டியில் வைத்தோம். பிறகு நீண்ட வேர்களைக் கொஞ்சம் நறுக்கி, நாலு அங்குல ஆழமுள்ள தட்டைத் தொட்டிக்கு மாற்றினோம். செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் கலந்தோம். அடியில் ஓட்டை கட்டாயம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். தீபாவளிக்கு வருகிறவர்கள் பார்த்து அசர வேண்டும் என்று தொட்டியைக் கொண்டுபோய் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்து நாளில் இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். எல்லா இலையும் கொட்டிவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அப்பத்தா வந்து நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை! "உசுரு இருக்குடா. வெயிலுக்குக் கொண்டு போ" என்றார். மாதுளை வெயில் மரம். தினமும் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். இதெல்லாம் அப்புறம்தான் எனக்குப் புரிந்தது.

ஒன்பதாம் வகுப்பில், மாசி மாதம் பூத்தது. மாதுளையில் இரண்டு வகைப் பூ உண்டு. மணி போல அடி குறுகிய பூ உதிர்ந்துவிடும். குடுவை போல அடி பருத்த பூதான் காயாகும். மூன்று காய் பிடித்தது. போன்சாயில் இலை சிறுக்கும், ஆனால் பழம் அந்த அளவுக்குச் சிறுக்காது. அதனால் சின்ன மரத்தில் அதிகக் காய் விட்டால் மரம் இளைத்துவிடும். "கிள்ளிப் போடு" என்று சார் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. அப்பத்தாவுக்கு அந்த மரத்துப் பழம் ஒன்று கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

சித்திரைத் திருவிழாவுக்கு வந்த உறவினர்களோடு ஊர் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் பதறிப்போய்க் குடம் குடமாக ஊற்றினேன். காய்ந்து கிடந்துவிட்டுத் திடீரென்று தண்ணீர் கிடைத்தால் மாதுளைக் காய் வெடிக்கும். இரண்டு காய் வெடித்தது. இலையெல்லாம் சுருண்டது. மிச்சம் இருந்த ஒரு காயைத் தொட்டுக்கொண்டு நின்றேன். அப்பத்தா சொன்னார்: "அதையும் பிச்சுப் போடுய்யா. பழம் கடையில வாங்கிக்கலாம். இந்த மரத்த எந்தக் கடையில வாங்குவே?"

பிய்த்துப் போட்டேன்.

"மரத்தை வெட்டி, கம்பி சுற்றி இப்படிக் குட்டையாக்குறது பாவம் இல்லையா?" என்று என் நண்பன் கேட்டான். யோசித்துப் பார்த்தேன். வெட்டுவதால் மரம் சாகாது. பக்குவமாக வேரை நறுக்கினால் புது வேர் விடும். 1625 முதல் தொட்டியில் வளரும் ஒரு ஜப்பானிய ஊசியிலை மரம், 1945-ல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கும் தப்பி, இப்போது அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில் இருக்கிறது. ஆனால் கொல்லையில் நிற்கும் மரம் தண்ணீரைத் தேடித் தானே வேரை அனுப்பும். தொட்டி மரத்துக்கு அந்த வழியை நாம்தான் அடைத்துவிட்டோம். அதனால் அதற்கு நாமே கிணறு, நாமே மழை. இரண்டு நாள் மறந்தால், அதுதான் பாவம்.

இந்த வருஷம் ஒரே ஒரு காயை விட்டுவைத்தேன். ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறவில்லை. வீட்டில் எல்லாரும் வெளியூர் போனபோது கீழ்வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். தை மாதம் பழுத்தது. டென்னிஸ் பந்து அளவுதான். ஐந்து பேருக்கும் ஆளுக்கு ஒரு கைப்பிடி முத்து கிடைத்தது. எனக்கு ஒரே புளிப்பு, முகத்தைச் சுளித்தேன்.

அப்பத்தா கண்ணை மூடி மென்றுவிட்டு, "அதே புளிப்புதான்" என்றார்.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்