விளக்கு வைத்த பின் வேலை இல்லை

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்தில் மூன்று தெய்வங்களின் பயணத்தைப் பற்றியே பேச்சாக இருக்கும். பத்மநாபபுரத்துச் சரஸ்வதி தேவியும், வேளிமலைக் குமாரகோவில் முருகப்பெருமானும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை அம்மனும் நவராத்திரி விழாவுக்காகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுவது திருவிதாங்கூர் மன்னர் காலந்தொட்டு இன்றுவரை நடந்துவரும் வழக்கம். சுசீந்திரத்தில் அம்மன் புறப்படும் வேளையில் நானும் கூட்டத்தோடு நின்று கைகூப்பியிருக்கிறேன். ஆனால் பல ஆண்டுகள், அந்த நேரத்திலும் என் மனம் அம்மனிடம் இருந்ததில்லை. வீட்டில் பாதி வேலையோடு கிடந்த நெற்றிச்சுட்டியிடமும் ராக்கொடியிடமுமே இருந்தது. அந்தக் குறையையும், அது எனக்குக் கற்பித்த பாடத்தையும் இந்த வயதில் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நாகர்கோவில் வடசேரியில் கோவில் நகை செய்யும் குடும்பம் ஒன்றுக்கு 1978-ஆம் ஆண்டு நான் மருமகளாக வந்தேன். கோவில் நகை என்ற பெயரே அதன் வரலாற்றைச் சொல்லிவிடும். சுவாமிக்கும் அம்பாளுக்கும் சாற்றுவதற்கென்று உருவான அணிகள் அவை. பின்னர் பரதநாட்டியமும் மோகினியாட்டமும் ஆடும் பெண்களை அலங்கரிக்கத் தொடங்கின. சூரியப்பிறை, சந்திரப்பிறை, நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜடைநாகம், மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, மாங்காய் மாலை, வங்கி, ஒட்டியாணம் என்று தலைமுதல் இடைவரை நீளும் பட்டியல் அது. எங்கள் ஊர்க் கோவில் நகைக்கு இன்று புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

வெள்ளித் தகட்டை வடிவத்துக்கு வெட்டி, கற்கள் அமர்வதற்குச் சிறு சிறு அறைகள் போல் விளிம்பு கட்டுவார்கள். அதனுள் அரக்கை உருக்கி நிரப்புவார்கள். அரக்கு இளகியிருக்கும் பதத்தில் சிவப்பும் பச்சையுமான கெம்புக் கற்களை ஒவ்வொன்றாக இருத்த வேண்டும். பிறகு கல்லைச் சுற்றி மெல்லிய தங்க ரேக்கை வைத்து, கருவியின் முனையால் அழுத்தி அழுத்திப் படிய வைக்க வேண்டும். தகட்டு வேலையை என் கணவர் பார்த்துக்கொண்டார். கல் பதிக்கும் வேலையை என் மாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் அவரை அத்தை என்றே அழைப்பேன்.

முதல் நாளே அத்தை சொன்னது இன்னும் காதில் ஒலிக்கிறது. "சூடு மிஞ்சினால் கல் மூழ்கிப்போகும் மக்களே. சூடு குறைந்தால் கல் பிடிக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு இதைத் தொடாதே."

பாலை வைத்துவிட்டு மட்டுமா தொட்டேன்? சோற்றை வைத்துவிட்டு, தொட்டிலை ஆட்டிவிட்டு, பிள்ளைகளுக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிவிட்டு, எல்லாவற்றுக்கும் இடையில் தொட்டேன். மகளும் மகனும் பிறந்து, மாமனாரும் காலமான பிறகு விற்பனையும் என் தலையில் விழுந்தது. நாட்டியம் கற்பிக்கும் ஆசிரியைகள் திருவனந்தபுரத்தில் பலர் இருந்தனர். தகரப் பெட்டியில் பருத்தித் துணி விரித்து நகைகளை அடுக்கி, விடியலில் பேருந்து ஏறுவேன். சுமார் 65 கிலோமீட்டர் பயணம். வீடு வீடாக ஏறி இறங்கித் திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். பகலில் விட்ட வேலையை இரவில் பிடிப்பேன். விளக்கு வைத்த பிறகுதான் என் உண்மையான வேலைநேரமே தொடங்கும்.

1991-ஆம் ஆண்டு நவராத்திரி. விஜயதசமியன்று அரங்கேற்றம் செய்யவிருந்த ஒரு பெண்ணுக்கு முழு அலங்காரமும் கேட்டிருந்தார்கள். எட்டு வயது மகனுக்குக் கடுமையான காய்ச்சல். அத்தைக்கு இடுப்பு வலி. எழுந்து நடமாட முடியாத நிலை. ஒட்டியாணத்தின் நடுவில் வரும் தாமரைக்குக் கல் பதிக்கும் வேலை மட்டும் எஞ்சியிருந்தது. மகனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் அவன் நெற்றியில் ஈரத்துணியை மாற்றியபடி, மறு கையால் கல்லை எடுத்து வைத்தேன். துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பும் இடைவெளியில் அரக்கு ஆறிக்கொண்டே இருந்தது.

காலையில் பெட்டியில் வைக்கும் முன் விரலால் வருடிப் பார்த்தேன். தாமரையின் இதழில் ஒரு கல் மெல்ல அசைந்தது. மீண்டும் செய்வதென்றால் ரேக்கைப் பிரித்து, அரக்கைச் சூடாக்கி, கற்களைத் திரும்ப இருத்த வேண்டும். அரை நாளாவது ஆகும். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மருந்துக்குப் பணம் வேண்டும். வெள்ளி வாங்கிய கடைக்கும் பாக்கி இருந்தது. அவசரத்தில் கவனிக்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. நன்றாகத் திறந்த கண்களோடுதான் அந்தப் பெட்டியை மூடினேன்.

விஜயதசமி கழிந்து ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. அந்தப் பெண்ணின் தாயார் கரமனையில் வாழும் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர், தமிழிலேயே எழுதியிருந்தார். ஆடிக்கொண்டிருக்கும்போது ஒட்டியாணத்திலிருந்து இரண்டு கற்கள் மேடையில் விழுந்துவிட்டனவாம். நிகழ்ச்சி முடிந்தபின் தேடி எடுத்தாராம். ஒன்று உடைந்திருந்ததாம். "வெறுங்காலோடு ஆடும் குழந்தையின் பாதத்தில் குத்தாமல் தேவி காத்தாள். கற்களை இத்துடன் வைத்திருக்கிறேன். வசதிப்படும்போது சரிசெய்து தாருங்கள்" என்று முடித்திருந்தார். கண்டித்து ஒரு சொல் இல்லை. குங்குமம் படிந்த காகித மடிப்பில் அந்த இரண்டு கற்களும் இருந்தன.

கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அன்றைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "மடியில் பிள்ளை, கையில் கருவி. பிள்ளைக்கும் பாதி அம்மா, நகைக்கும் பாதி கை. இரண்டு பாதியைச் சேர்த்தாலும் ஒன்று ஆகவில்லை பார். இனி இந்த வீட்டில் விளக்கு வைத்த பின் வேலை இல்லை. பகலில் பிள்ளைகள் என் பொறுப்பு. எனக்கு நடக்க முடியாவிட்டால் என்ன? கட்டிலருகில் உட்கார வைத்துக் கதை சொல்ல வாய் இருக்கிறது."

என் கணவர் இதற்கு எளிதில் உடன்படவில்லை. இரவு நேரத்தை விட்டுவிட்டால் வேலை பெரிதும் குறையும். கடனை எப்படி அடைப்பது என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அடுத்த ஆண்டே சில வேலைகளை ஏற்க முடியாமல் திருப்பி அனுப்பினோம். நெடுநாள் எங்களிடம் வாங்கிவந்த ஓர் ஆசிரியை வேறிடம் போய்விட்டார். மகளின் கல்லூரிச் செலவுக்கு என் கைவளையல்களை விற்க நேர்ந்தது. நல்ல முடிவு ஒன்றை எடுத்துவிட்டால் உடனே செல்வம் பெருகும் என்று கதைகளில் வரும். எங்கள் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

கடிதம் வந்த மறுநாளே நான் கரமனைக்குப் போய் ஒட்டியாணத்தை வாங்கி வந்தேன். விழுந்த இரண்டை மட்டும் வைக்காமல், தாமரை முழுவதையும் பிரித்து, பகல் வெளிச்சத்தில், மடி காலியாக, மீண்டும் பதித்தேன். கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்தப் பெண் நமஸ்கரித்தாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "கல் அசைந்தது தெரிந்தேதான் கொடுத்தேன் அம்மா" என்று அவள் தாயாரிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சற்று மாறியது. பின்பு, "இனிமேல் ஒரு நாள் தாமதமாகும் என்றால் சொல்லுங்கள். நாங்கள் காத்திருப்போம்" என்றார். தாம்பூலமும் தேங்காயும் கொடுத்து அனுப்பினார்.

கோவிலில் பெரியபுராணச் சொற்பொழிவு கேட்கும்போதெல்லாம் நேச நாயனார் வரலாற்றில் என் மனம் நின்றுவிடும். காம்பீலி நகரத்து நெசவாளர் அவர். மனம் ஈசன் திருவடியிலும் கை தறியிலுமாக இருந்து, உடையும் கீளும் கோவணமும் நெய்து அடியார்களுக்கு அளித்தவர். இளவயதில் கேட்டபோது, 'காய்ச்சல் கண்ட பிள்ளை மடியில் இருந்திருந்தால் அவரால் நெய்ய முடிந்திருக்குமா?' என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்ததுண்டு. இப்போது வேறுவிதமாகப் புரிகிறது. தொழிலை விட்டுவிட்டு அவர் அடியார் ஆகவில்லை. தொழிலின் வழியாகவே ஆனார். பூஜை அறைக்குள் நுழையும்போது மட்டும் மனத்தைத் தூய்மை செய்துகொண்டு, தொழிற்பலகையின் முன் அமரும்போது அதை மறந்துவிட்டால், அந்தப் பூஜைக்குப் பொருள் ஏது?

அத்தை போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் வைத்த விதி மட்டும் வீட்டில் இருக்கிறது. அந்த மாலை நேரங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினேன். நாகராஜா கோவிலுக்கு நடந்து போனோம். சில நாள்கள் ஒன்றும் செய்யாமல் திண்ணையில் இருந்தோம். ஒருமுறை என் மகளிடம், "அந்த முடிவு நல்லதாகப் போயிற்று இல்லையா?" என்று கேட்டேன். "நல்லதுதான் அம்மா. ஆனால் இன்னும் சில ஆண்டுகள் முன்பே எடுத்திருக்கலாம்" என்றாள். அவளுக்கு அப்போது வயது பதினொன்று. அதற்கு முந்தைய இரவுகளில் அவள் தனியாகத்தான் உறங்கப் போயிருக்கிறாள். அந்த இரவுகளை என்னால் எந்த அரக்கினாலும் ஒட்டித் தர இயலாது.

இப்போது தொழிலை நடத்துபவள் என் மருமகள். பேருந்தும் தகரப் பெட்டியும் போய், கைபேசியில் படம் அனுப்பி வேலை வாங்குகிறாள். கடல் கடந்த ஊர்களிலிருந்தும் கேட்கிறார்கள். அச்சில் வார்த்த மலிவான அணிகள் சந்தையில் குவிந்திருப்பதால், கைவேலைக்கு உரிய விலையைச் சொல்லிப் புரியவைப்பதே அவளுக்குப் பெரும்பாடு. நேரம் காலம் பாராமல் அழைப்பு வரும். ஆயினும் மாலையில் விளக்கேற்றியதும் கைபேசியை மாடத்தில் வைத்துவிடுவாள். நான் சொல்லி அல்ல. அவள் கணவன் வளர்ந்த வீட்டு வழக்கம் அது. பகலில் அவள் கல் பதிக்கும்போது பேத்தி என் பொறுப்பு. இன்று எத்தனையோ வீடுகளில் மகளோ மருமகளோ ஒரு கைத்தொழிலோடு குடும்பத்தையும் சுமக்கிறாள். அவளுக்கு அறிவுரை சொல்வதைக் காட்டிலும், அவள் மடியில் இருக்கும் பிள்ளையை நாம் வாங்கிக்கொள்வது பேருதவி. இதை அத்தை எனக்குச் செய்துகாட்டினார்.

கரமனையிலிருந்து வந்த கற்களுள் முழுதாக இருந்ததை அந்தத் தாமரையிலேயே பதித்துவிட்டேன். உடைந்த மற்றொன்று எங்கள் பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் மாலையில் விளக்கேற்றிவிட்டுக் குங்குமம் எடுக்கும்போது விரல்நுனியில் அதன் முனை தட்டுப்படும். அப்போது அன்றைய வேலையை ஒருமுறை மனத்துக்குள் வருடிப் பார்த்துக்கொள்வேன், ஏதேனும் அசைகிறதா என்று.