பைபிளில் இல்லாத பக்கம்

என் மாமியாரின் தாய்வழி முன்னோர் ஒருவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கு மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்டவர். இல்லினாய் மாநிலத்தின் 95ஆவது காலாட்படை ரெஜிமென்டில் சாதாரணச் சிப்பாய். மனைவியையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. குடும்பத்தில் யாருக்கும் அதற்குமேல் தெரியாது. அவர் எங்கே அடக்கமானார் என்பதைத் தம் காலத்துக்குள் தெரிந்துகொண்டுவிட வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை. எண்பதைத் தொட்டுவிட்டார். அவரை அழைத்துக்கொண்டு வாஷிங்டன் போனோம். அங்கிருந்து மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் விக்ஸ்பர்க்.

வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது, பென்சில் மட்டும்தான். முதலில் கைக்கு வந்தது அவருடைய சேவைப் பதிவு. உயரம், கண்ணின் நிறம், தொழில் விவசாயம். பிறகு வருகைப் பட்டியல்கள்: ஆஜர், ஆஜர், மருத்துவமனை, மரணம். காரணம் காய்ச்சல். குண்டடி பட்டு வீழ்ந்தார் என்றே நம்பி வந்த மாமியார் சற்று நேரம் பேசவில்லை. ஆனால் அந்த ரெஜிமென்டில் போரில் மாண்டவர்கள் 84 பேர். நோயில் மாண்டவர்கள் 205 பேர். அந்தப் போர் பெரும்பாலான சிப்பாய்களைக் கொன்றது இப்படித்தான்.

அடுத்து வந்ததுதான் நாங்கள் எதிர்பாராதது: அவர் மனைவியின் பென்ஷன் கோப்பு. 1862இல் வந்த சட்டப்படி சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். அதைப் பெற அவள் நிரூபிக்க வேண்டியிருந்தவை கொஞ்சமல்ல. இவர்தான் கணவர், முறைப்படி கல்யாணம் நடந்தது, பிள்ளைகள் இவருக்குப் பிறந்தவர்கள், தான் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிறப்புகளை அரசு பதிந்துவைக்காத காலம் அது. பிரசவம் பார்த்த மருத்துவச்சி வந்து சத்தியம் செய்திருக்கிறாள். கல்யாணத்தில் உடனிருந்த பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்லியிருக்கிறார். எழுதத் தெரியாத அந்த விதவை ஒவ்வொரு தாளிலும் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள். அது அவள் குறிதான் என்று இரண்டு பேர் பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.

மூன்றாக மடித்த அந்தத் தாள்களுக்கு நடுவே பைபிளிலிருந்து கிழித்த ஏடு ஒன்று. பிள்ளைகள் பிறந்த தேதிகள் அதில் வரிசையாக இருந்தன. அந்த பைபிள் மாமியார் வீட்டு அலமாரியில் இன்றும் இருக்கிறது. பிறப்புகளை எழுதும் பக்கம் மட்டும் அதில் கிடையாது. "அதைக் கிழித்தது அண்ணன்தான் என்று அப்பா அவனை அடித்தார். இல்லை இல்லை என்று அழுதான்" என்றார் மாமியார். அந்த அண்ணன் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டன. பென்ஷனுக்கு ஆதாரமாக இப்படி ஏடுகளைக் கிழித்து அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். கோப்போடு சேர்ந்த ஏடுகள் அங்கேயே தங்கிவிட்டன.

விக்ஸ்பர்கில் இல்லினாய் நினைவு மண்டபத்துக்கு 47 படிகள். 1863இல் அந்த நகரை முற்றுகையிட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனையும் ஏறினார். உள்ளே 60 வெண்கலப் பலகைகளில் 36,325 பெயர்கள். 95ஆவது ரெஜிமென்டின் பலகையில் எங்கள் சிப்பாய் இருந்தார். அதே ரெஜிமென்டின் ஆல்பர்ட் கேஷியர் பெயரும் அங்கே உண்டு. அயர்லாந்தில் ஜென்னி ஹாட்ஜர்ஸ் என்ற பெண்ணாகப் பிறந்து, ஆணாகவே படையில் சேர்ந்து, ஆணாகவே வாழ்ந்தவர். முதுமையில் அது வெளியே தெரிந்ததும் பென்ஷன் அதிகாரிகள் விசாரணை வைத்தார்கள். எங்களோடு போரிட்ட கேஷியர் இவர்தான் என்று பழைய தோழர்கள் சாட்சி சொன்னதால் பென்ஷன் நிற்கவில்லை. 1915இல் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்தத் தோழர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

அருகிலுள்ள தேசியக் கல்லறையில் வடக்குப் படையினர் சுமார் 17,000 பேர் உறங்குகிறார்கள். நான்கில் மூன்று பேருக்குப் பெயர் தெரியாது. எண் மட்டும் பொறித்த சின்னச் சதுரக் கற்கள். எங்கள் சிப்பாயின் பெயர் தாங்கிய கல் எதுவும் இல்லை. பெயரற்ற அந்த வரிசைகளில் ஒன்றில் மாமியார் பூ வைத்தார்.

சிப்பாயின் பெயர் வெண்கலத்தில் இருக்கிறது. அவர் போன பிறகு பிள்ளைகளை ஆளாக்கியவள் பெயர் எந்த மண்டபத்திலும் இல்லை. என்னைக் கேட்டால், அந்தக் குடும்பத்தின் போர் வரலாறு அவள் பெருக்கல் குறி போட்ட தாள்களில்தான் இருக்கிறது. ஆகவே அமெரிக்க உறவின் வேரைத் தேடுபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: சேவைப் பதிவோடு நிறுத்திவிடாதீர்கள், பென்ஷன் கோப்பையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். 1865இல் முடிந்த அந்தப் போருக்காகக் கடைசியாகப் பென்ஷன் வாங்கியவர் ஒரு சிப்பாயின் மகள், ஐரீன் ட்ரிப்லெட். மாதம் 73 டாலர் 13 சென்ட். அவர் இறந்தது 2020 மே மாதம்.