பாட்டியின் காது

போன தீபாவளிக்கு எங்கள் ஜெலாப்பாங் வீட்டுக்குப் புது டிவி வந்தது. 55 அங்குலம், 4கே. தம்பி தன் போனஸ் பணத்தில் வாங்கியது. பெட்டியைப் பிரித்து மாட்டி முடித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "இதுல பாட்டி டேப்பைப் பார்க்கலாமா?"

பாட்டி டேப் என்பது 1993இல் எடுத்த சின்னம்மாவின் கல்யாண வீடியோ. பாட்டி தோட்டத்தில் பால்மரம் சீவியே ஆறு பிள்ளைகளை வளர்த்தவர். கல்யாணத்துக்கு அடுத்த வருடமே தவறிவிட்டார். அவருடைய புகைப்படங்கள் இரண்டுதான் எங்களிடம் உண்டு. அவர் நடப்பதையும் பேசுவதையும் பார்க்க வேண்டுமானால் அந்த டேப்பில் வரும் மூன்று நிமிடங்கள்தான்.

அலமாரியிலிருந்து எடுத்தபோது டேப்பின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் வீடியோ டேப்புக்கு ஆயுள் குறைவு. போட்டுப் பார்க்கவும் வழியில்லை. உலகில் கடைசியாக வீடியோ பிளேயர் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையிலேயே அதை நிறுத்திவிட்டது. ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்துச் சுத்தம் செய்து, கணினிக் கோப்பாக மாற்றி, பென்டிரைவில் வாங்கிவந்தேன்.

டிவியில் போட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை, பெண், மேளக்காரர் என்று அத்தனை பேரும் குண்டாக இருந்தார்கள். அந்தக் காலப் படம் 4:3 அளவு. புது டிவி 16:9. திரையை நிரப்புவதற்காக டிவி படத்தை இழுத்ததில் ஒவ்வொருவரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலமாகிவிட்டார்கள். அதோடு முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று இருந்தன.

ஊடகம் படித்தவள், வானொலியில் வேலை செய்பவள் என்ற தைரியத்தில் நானே சரிசெய்கிறேன் என்று இறங்கினேன். பழைய வீடியோவைச் செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கித் தரும் ஒரு செயலியில் கோப்பைப் போட்டேன். விடிய விடிய ஓடியது. காலையில் போட்டுப் பார்த்தால் நேற்று எடுத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. பெருமையோடு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். "யாரும்மா இது?" என்றார். "எங்கம்மா காது எங்க?"

அப்போதுதான் கவனித்தேன். பாட்டி சிறுவயதில் தண்டட்டி போட்டவர். பிற்காலத்தில் நகை இல்லாவிட்டாலும் காது தோள்வரை தொங்கும். செயலி அந்தக் காதைச் சின்னதாக, அழகாகத் திருத்தியிருந்தது. கன்னத்துச் சுருக்கங்களையும் காணவில்லை.

காரணம் எளிய கணக்கு. டேப்பிலிருந்து மாற்றிய கோப்பில் 720க்கு 576, அதாவது சுமார் நாலேகால் லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். சரியாக 20 மடங்கு. ஒரு புள்ளி நிஜமென்றால் மீதி 19 புள்ளிகள் ஊகம். சாதாரண டிவி பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்கும். செயலியோ தான் பழகிய ஏராளமான முகங்களை வைத்து ஊகிக்கும். அந்த முகங்களில் தண்டட்டிக் காது எத்தனை இருந்திருக்கும்?

அந்தக் கோப்பை அழித்தேன். நல்லவேளை, கடையில் கொடுத்த அசல் பத்திரமாக இருந்தது. டிவியின் பட அமைப்புக்குள் போய் அளவை 4:3க்கு மாற்றினேன். ஷார்ப்னஸைக் குறைத்து, படத்தை வழவழப்பாக்கும் வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்தேன். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வந்தது. படம் மங்கல்தான். ஆனால் பாட்டி பாட்டியாக இருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு டேப் இருக்கலாம். பூஞ்சணம் பிடித்திருந்தால் கிடைத்த பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். டேப்பும் கெடும், பிளேயரும் கெடும். தெரிந்த கடையில் கொடுத்து மாற்றுங்கள். அசல் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் வீடியோவாக அனுப்பியதைப் பிரதி என்று நம்பாதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். தெளிவாக்கிப் பார்க்க ஆசையென்றால் பிரதியில் செய்யுங்கள், அசலில் கை வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தோடு மல்லுக்கட்டிய இரண்டு நாளும் ஒலியை நான் கவனிக்கவே இல்லை. வானொலிக்காரிக்கு இது வெட்கம்தான். அசலைப் போட்ட அன்று அம்மா சத்தத்தைக் கூட்டச் சொன்னார். நாதஸ்வர இரைச்சலுக்கு நடுவே, தன் முகத்துக்கு நேராக விளக்கைப் பிடித்த வீடியோக்காரரிடம் பாட்டி சொல்கிறார்: "காலையிலேர்ந்து நிக்கிறியே தம்பி, மொதல்ல போய்ச் சாப்பிடு."

அம்மா அதைத் திரும்பப் போடச் சொன்னார். நாலு தடவை போட்டேன்.