பழைய ரம்பம் வாங்கப் போனபோது



மரம் அறுக்கும் மெஷினுக்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு ஓர் இளைஞனின் கை விலையாயிற்று.

எங்கள் குடும்பத் தொழில் மரம் வெட்டுவது. என் அத்தா இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் வாளில் தொழில் பழகியவர். என் காலத்தில் செயின் மெஷின் வந்தது. திருச்சியிலும் ஸ்ரீரங்கம் தீவிலும் தோப்புகளில் பட்டுப்போன தென்னை, வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் வேம்பு, புயல் காற்றில் விழுந்த தூங்குமூஞ்சி என்று மாதத்தில் ஏழெட்டு நாள் வேலை இருக்கும். இவ்வாண்டு எங்கள் பழைய மெஷின் முற்றாக ஓய்ந்துவிட்டது. புதிதாக வாங்கப் பணம் போதவில்லை. செகண்ட் ஹேண்டில் பார்ப்பது என்று முடிவாயிற்று. அப்போது என் மகன் கேட்டான்: "அத்தா, பழைய மாடலா நல்லதா ஒண்ணு வாங்குவமா, இல்ல கொஞ்சம் புது மாடலாப் பாப்பமா?"

இரண்டு மெஷின்கள் எங்கள் முன் இருந்தன. ஒன்று, ஸ்ரீரங்கத்தில் மேலூர் செல்லும் வழியில் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவருடையது. 72 சிசி எஞ்சின், ஸ்டில் 038 வகை, இருபது வயதுக்கு மேல் ஆனது. விலை 14,000 ரூபாய். மற்றொன்று, நகரத்தில் பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் ஒரு கடையில் இருந்தது. ஐந்தாண்டுக்கு உட்பட்டது, கார்புரேட்டரைத் தானே சரிசெய்துகொள்ளும் எலெக்ட்ரானிக் வகை. விலை 26,000 ரூபாய்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வயது மட்டுமன்று. இவை டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள். பெட்ரோலிலேயே 2டி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி என்பது பொதுவான கணக்கு. பழைய வகையில் கார்புரேட்டரைத் திருக ஸ்குரூ இருக்கும். காது பழகியவன் சத்தத்தைக் கேட்டே டியூன் செய்துவிடுவான். எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டலாம். ஆனால் எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி புகையோடு வெளியே போய்விடும்; அதிர்வும் அதிகம். ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கும் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப்போகும் நோய் உலகெங்கும் மரம் வெட்டுவோருக்குத் தெரிந்ததே. புதிய வகைகள் பலவற்றில், எரிந்த புகைக்கும் புதுக் கலவைக்கும் இடையே வெறுங்காற்றை ஓர் அடுக்காக உள்ளே விடுகிறார்கள். அதனால் பெட்ரோல் மிச்சமாகிறது, புகை குறைகிறது. ஸ்டில் நிறுவனத்தின் எம்-ட்ரானிக், ஹஸ்க்வர்னாவின் ஆட்டோடியூன் போன்றவை வெப்பத்துக்கும் எரிபொருளுக்கும் ஏற்பக் கலவையைத் தாமே மாற்றிக்கொள்ளும். ஆனால் பழுதானால் காது உதவாது. கம்பெனி சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டர்தான் பேச வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 2023 முதல் நம் நாட்டின் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டரின் மெல்லிய சவ்வையும் கெடுக்கும். ஆகவே பழைய மெஷின் வாங்குபவர் அந்தக் குழாய்களையும் சவ்வையும் மாற்றும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மிச்சமுள்ளது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைப்பதும் நல்லது.

முதலில் கடைக்குப் போனோம். மெஷின் பளபளப்பாக இருந்தது. ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. சைலன்சரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். அது நான்கைந்து நிமிட வேலை. சைலன்சரை எடுத்துவிட்டால், புகை வெளியேறும் துளை வழியே பிஸ்டனின் பக்கம் கண்ணுக்குத் தெரியும். வழுவழுப்பாக இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கீறல் கோடுகள் இருந்தால், ஆயில் இல்லாமலோ காற்றுக் கசிவாலோ அது ஒருமுறை சூடேறிப் பிடித்திருக்கிறது என்று பொருள். கடைக்காரர் முகம் மாறியது. "ஓடுறது கண்ணுக்குத் தெரியுதே, எதுக்குக் கழட்டணும்? உள்ளது உள்ளபடி, எடுத்தா எடுங்க" என்றார். பிளக் துளையில் மீட்டரை மாட்டி அழுத்தம் பார்க்கவும் விடவில்லை. 150 பிஎஸ்ஐ அளவில் இருந்தால் நிம்மதி, 110க்குக் கீழ் போனால் எஞ்சின் வேலை காத்திருக்கிறது என்பது எங்கள் தொழிலில் உள்ள கணக்கு.

எனக்கு மதீனாவின் கடைத்தெரு நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள்; விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் விற்றவர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. சைலன்சரைக் கழற்றுவது குவியலுக்குள் கை விடுவதுதான்.

கடைக்காரரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் வரிசை வரிசையாகப் படுத்துக் கிடந்தன. எங்கள் ஜமாஅத் இளைஞர்களோடு நானும் போனேன். பாதையை அடைத்த மரங்களை அறுத்துத் தள்ளினோம். பின்னர் அங்கேயே கூலிக்கும் பல வாரம் வேலை செய்தேன். தேவை மிகுந்திருந்ததால் கிடைத்த மெஷினை வாங்கினோம். அடுத்த ஆண்டு வேலை அடங்கியதும் அதில் ஒன்றை மண்ணச்சநல்லூர்ப் பக்கத்து இளைஞன் ஒருவனுக்கு விற்றேன். அதன் செயின் பிரேக் வேலை செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முன்கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். அதுதான் செயின் பிரேக்கின் நெம்புகோல். பாரின் நுனியின் மேற்பகுதி மரத்தில் பட்டால், மெஷின் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்திருப்பவன் முகத்தை நோக்கி எகிறும். அப்போது அந்தத் தடுப்பு முன்னே தள்ளப்பட்டு, ஓடும் சங்கிலியை உடனே நிறுத்த வேண்டும். என் மெஷினில் அது நிறுத்தாது. அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சில மாதங்களில் செய்தி வந்தது. மெஷின் எகிறி அவன் இடது முன்கையைக் கிழித்திருந்தது. உயிர் பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரண்டு விரல்களுக்குப் பிடிமானம் போய்விட்டது. மருத்துவமனைக்குப் பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பினேன்.

கடையிலிருந்து வெளியே வந்து காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போனோம். பெரியவர் தோப்பில் காத்திருந்தார். நான் எதையும் கேட்பதற்கு முன்பே அவர் தொடங்கினார்: "பாய், முதல்ல குறையைச் சொல்லிடறேன். ஒரு தடவை ஆயில் கலக்காம ஊத்தி பிஸ்டன் பிடிச்சிடுத்து. சிலிண்டர், பிஸ்டன் ரெண்டும் மாத்தினேன். செயினுக்கு ஆயில் போற பம்ப் இப்ப சரியாப் போகலை. கைப்பிடி ரப்பர் ஒண்ணு கிழிஞ்சிருக்கு. மத்ததை நீங்களே கழட்டிப் பாருங்கோ." ஸ்பேனரையும் அவரே நீட்டினார்.

கழற்றினேன். பிஸ்டன் சுத்தமாக இருந்தது. மீட்டர் 145 காட்டியது. ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை விட்டதும் சத்தம் உடனே தணிகிறதா என்று பார்த்தேன். தணியாமல் இழுத்தால் எங்கோ காற்றுக் கசிகிறது. பிரேக்கைத் தள்ளினேன், சங்கிலி நின்றது. போலி மெஷின்கள் அதே நிறத்தில் வருவதால், உடலில் பொறித்த எண்ணையும் தேடிப் பார்த்தேன்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறைகளைத் தெளிவாக்கினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தில், ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றிருக்கிறது. ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டதுதான். அன்று தோப்பில் அதைக் கண்ணால் கண்டேன். அவர் சொன்ன குறைகளைக் கேட்ட பின்பு எனக்கு அந்த மெஷினின் மீது பயம் குறைந்ததே தவிரக் கூடவில்லை. தெரிந்த குறைக்கு விலை போடலாம். தெரியாத குறைக்கு யார் விலை போடுவது?

14,000க்கே வாங்கினோம். ஆயில் பம்ப், ரப்பர்கள், பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் சவ்வு எல்லாம் மாற்றினோம். மகனுக்கு நான் சொன்ன கணக்கு இதுதான்: தினமும் பல மணி நேரம் அறுப்பவன், சர்வீஸ் சென்டர் அருகில் உள்ளவன், புது வகையை எடுப்பதே கைக்கும் பெட்ரோலுக்கும் நல்லது. மாதத்தில் சில நாள் வேலை, கையில் சொந்த ஸ்பேனர் என்றால் பழையது போதும். எதுவானாலும் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதே. பிரேக் நிற்காத மெஷினை இலவசமாகக் கொடுத்தாலும் அதைச் சரிசெய்யாமல் தொடாதே.

வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஒரு செய்தி சொல்வார்கள். குறையுள்ள துணி ஒன்றை, குறையைச் சொல்லி விற்கும்படி கூட்டாளியிடம் கொடுத்தார்களாம். அவர் சொல்ல மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்று தெரியாததால் அந்த விற்பனைப் பணம் முழுவதையும் இமாம் தர்மம் செய்துவிட்டார்களாம். எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் என் கதையைச் சொன்னேன். "உள்ளது உள்ளபடி" என்று நிபந்தனை பேசி விற்பதன் சட்டத்தில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு, ஆனால் தெரிந்த குறையை மறைக்கக் கூடாது என்பதில் வேறுபாடில்லை என்றார். பிறகு மெல்லச் சொன்னார்: "அவங்களுக்குத்தான் வாங்கினவரைத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்ணச்சநல்லூர் போனேன். அவன் இப்போது டீக்கடை வைத்திருக்கிறான். வலது கையால் டீ ஆற்றுகிறான். கூட்டம் குறைந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் விலையையும் அதற்கு மேல் என்னால் இயன்றதையும் கவரில் வைத்து நீட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

"வாங்குன மறுநாளே தெரியும் பாய். தள்ளிப் பாத்தேன், நிக்கல. வேலைதான் ஓடுதேன்னு விட்டுட்டேன்." கவரை அவன் தொடவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அடிபட்ட பொறவு அதை முசிறிப் பக்கம் ஒருத்தருக்கு வித்தேன். நானும் அவர்கிட்ட சொல்லல."

நான் பேசாமல் விட்ட அந்த ஒரு சொல்லால், ஒரு மெஷின் இரண்டு கை மாறி இன்னும் ஏதோ ஒரு தோப்பில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே இருவரும் முசிறிப் பக்கம் போனோம். கேட்டுக் கேட்டு அஸர் நேரத்துக்குப் பின் அந்த விவசாயியைக் கண்டுபிடித்தோம். மெஷின் மாட்டுக் கொட்டகையில் தொங்கியது. வாரம் இருமுறை சீமைக்கருவேலம் வெட்டுகிறாராம். விஷயத்தைச் சொன்னோம். அவருக்கு முதலில் கோபம் வந்தது, அது நியாயமானது. கிளட்ச் மூடியைக் கழற்றினேன். பிரேக்கின் இரும்புப் பட்டை அறுந்திருந்தது. இரண்டு நாள் கழித்துப் பட்டையும் ஸ்பிரிங்கும் வாங்கிப்போய் மாட்டினேன். தடுப்பைத் தள்ளினேன்; சங்கிலி நின்றது. செலவு 1,500 ரூபாயைத் தாண்டவில்லை.

அந்தத் தொகையை நான் முதலிலேயே செலவழித்திருக்கலாம். அல்லது, "பிரேக் நிக்காது தம்பி, மாத்திட்டு ஓட்டு" என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதற்குக் காசே ஆகாது. கவரை அவன் பிறகு வாங்கிக்கொண்டான். பாதியை எடுத்துக்கொண்டு மீதியை முசிறிக்காரருக்குக் கொடுக்கச் சொன்னான். அவன் விரல்களைத் திருப்பித் தர என்னால் ஆகாது. அதற்கான கணக்கு இறைவனிடம் இருக்கிறது. மன்னிப்பை அவனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புச் சகோதர சகோதரிகளே, நம் வீடுகளில் பைக், பிரிட்ஜ், தையல் மெஷின், மோட்டார் என்று எதையாவது விற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம். ஈரமான தானியத்தை மேலே வைத்துவிடுவோம்.

நம் வியாபாரங்களில் உண்மையையும் பரக்கத்தையும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! நம் மௌனத்தால் பிறர் பட்ட காயங்களை மன்னித்தருள்வானாக! ஆமீன்.