மின்னல் குறியின் பூர்வீகம்

கைபேசியில் செய்தி தேடுகிறவர்கள் பல வருடம் பார்த்துப் பழகிய ஒரு குறி இருந்தது. தேடல் முடிவுகளில், தலைப்புக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் ஒரு மின்னல். தொட்டால் பக்கம் சட்டென்று வந்துவிடும். வந்தது முழுப் பக்கம்தானா என்பதில்தான் சிக்கல். அணைகளின் நீர்மட்டம் பற்றி ஒரு நாளிதழில் வந்த செய்தியை அப்படித்தான் நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். அவர் அதைக் கணினியில் திறந்துவிட்டு, “என்ன சார், ஒல்லியா ஏதோ வருது, அணைப் பட்டியலையே காணோமே?” என்று கேட்டார். அந்த நாளிதழின் தளத்துக்கு நேராகப் போய்ப் பார்த்தால் பட்டியல் இருந்தது. வாசகர் கருத்துகளும் இருந்தன, பழைய செய்திகளுக்குப் போகும் வழியும் இருந்தது. ஒரே செய்திக்கு இரண்டு பக்கங்கள். குறைபட்ட பக்கம்தான் தேடலில் முன்னால் வந்து நின்றது.

முழுசாக ஒன்று இருக்கும்போது, அரைகுறையான ஒன்றை யார், எதற்காகச் செய்து வைத்தார்கள்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் பழைய அறிவிப்புகளையும் நிரல் விளக்கங்களையும் வழக்கு ஆவணங்களையும் தேடித்தேடிப் படித்தேன்.

எல்லாம் 2015இல் போய் நிற்கின்றன. அந்த வருடம் செய்தித் தளங்களின் எடை தாங்க முடியாததாக இருந்தது. 50 செய்தித் தளங்களைக் கைபேசியில் திறந்து அளந்து பார்த்த நியூயார்க் டைம்ஸ், இறங்கும் தரவில் பாதிக்கு மேல் விளம்பரங்களுக்கே போகிறது என்று அக்டோபர் முதல் நாள் எழுதியது. படிக்க வந்த செய்தி சில கிலோபைட், அதன் தலையில் ஏற்றிய சுமை பல மெகாபைட். இங்கே நம் ஊரில் பலர் அப்போது 2ஜியில்தான் இருந்தார்கள். பக்கத்தைத் தன் கணினியில் சுருக்கி அனுப்பும் ‘வெப் லைட்’ என்ற ஏற்பாட்டை கூகுள் முதலில் இந்தோனேசியாவில் சோதித்து, பிறகு இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. நான்கு மடங்கு வேகம், 80 சதவீதம் குறைவான தரவு என்று அந்த நிறுவனமே சொன்னது. 2022 இறுதியில் அதை மூடிவிட்டார்கள். ஆக, வேகத்தின் தேவை உண்மையானது. அதை யாரும் இட்டுக்கட்டவில்லை.

ஆனால் மின்னல் குறி வாசகரின் அவதியைப் பார்த்து மட்டும் பிறந்ததில்லை. 2015 மே மாதம் ஃபேஸ்புக் ‘இன்ஸ்டன்ட் ஆர்ட்டிகிள்ஸ்’ கொண்டுவந்தது. பத்திரிகைகளின் கட்டுரைகள் ஃபேஸ்புக் செயலிக்குள்ளேயே திறக்கும். செப்டம்பரில் ஐஓஎஸ் 9 வந்தது. கூடவே ஆப்பிள் நியூஸ் செயலியும், சஃபாரியில் விளம்பரங்களைத் தடுக்கும் வசதியும் வந்தன. செய்தியெல்லாம் செயலிகளுக்குள் போய் அடைந்துவிட்டால் தேடுபொறிக்கு என்ன வேலை? விளம்பரத்தைத் தடுத்துவிட்டால் விளம்பரம் விற்கும் நிறுவனம் என்ன செய்யும்? அக்டோபர் 7 அன்று கூகுள் ‘ஆக்சிலரேட்டட் மொபைல் பேஜஸ்’ திட்டத்தை அறிவித்தது. சுருக்கமாக ஆம்ப். ட்விட்டர், வேர்ட்பிரஸ் போன்றவை கூட்டாளிகள். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அவசரத்தின் காரணம் புரிகிறது. வாசகருக்கான மருந்து என்று சொல்லப்பட்டதில் போட்டியாளர்களைப் பற்றிய பயமும் கலந்திருந்தது என்பதே என் முடிவு.

அடுத்து, அந்தப் பக்கங்களின் மூல நிரலைத் திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே, எச்டிஎம்எல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், மின்னல் உருவத்தையே ஓர் எழுத்தாகப் போட்டிருந்தார்கள். உள்ளே கறாரான விதிகள். ஆரம்பத்தில் பத்திரிகை தன் சொந்த ஜாவாஸ்கிரிப்ட் எதையும் எழுதக் கூடாது. அலங்காரத்துக்கான சிஎஸ்எஸ் தொடக்கத்தில் 50 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் நீள அகலத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கடைசி விதி அருமையானது. படம் வரும்வரை அதற்கான இடம் காலியாகக் காத்திருக்கும், படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென்று கீழே குதிக்காது. இந்த விதிகளை வகுத்த பொறியாளர்களுக்கு வாசகரின் எரிச்சல் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதே நிரலில் இன்னொன்றும் இருந்தது. எல்லா ஆம்ப் பக்கங்களும் கட்டாயமாக வைத்திருக்க வேண்டிய ஒரு துண்டு. பக்கத்தின் உடல் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வை, எட்டு விநாடி கழித்துக் காட்டு என்பது அதன் பொருள். ஆம்பின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு அதற்குரிய வழங்கியிலிருந்து வந்து சேர்ந்தால் மறைப்பு உடனே விலகும். அந்தக் கோப்பு வரத் தாமதமானாலோ, யாராவது அதைத் தடுத்து வைத்திருந்தாலோ எட்டு விநாடிக்கு வெள்ளைத் திரைதான். எழுத்துகள் ஏற்கெனவே கைபேசிக்குள் வந்து இறங்கியிருக்கும், ஆனால் படிக்க முடியாது. மெதுவான இணைப்பு உள்ளவருக்காக என்று அறிவித்த திட்டத்தில், ஒரு கோப்பு தாமதமானதற்காக அவரையே காக்க வைப்பது என்ன நியாயம்? இதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்படியானால் அந்த மின்னல் வேகம் எங்கிருந்து வந்தது? இந்தத் தேடலில் நான் அதிக நேரம் நின்றது இங்கேதான். விதிகளால் பக்கம் இலேசானது உண்மை. ஆனால் இலேசான பக்கத்தை எளிய எச்டிஎம்எல்லில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதற்குத் தனி வடிவம் தேவையில்லை. தொட்டதும் திறந்த மாயம் வேறு இடத்தில் நடந்தது. ஆம்ப் பக்கங்களின் நகல்களை கூகுள் தன் வழங்கிகளில் சேமித்து வைத்தது. நாம் தேடல் முடிவுகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாம் தொடக்கூடும் என்று கணித்து அந்த நகலைப் பின்னணியில் இறக்கி, முதல் திரையை வரைந்து தயாராக வைத்துவிடும். விருந்தாளி வருமுன்பே இலை போட்டுப் பரிமாறி வைப்பதுபோல. விரல் படும்போது செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான். பத்திரிகையின் வழங்கியிலிருந்து நேராக இப்படி முன்கூட்டி இறக்கினால், வாசகர் எதைத் தேடுகிறார் என்பது அவர் தொடாத தளத்துக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் நகல் என்று அவர்கள் சொன்ன காரணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் விளைவு என்ன? பக்கம் பத்திரிகையின் வீட்டிலிருந்து கிளம்பி கூகுளின் வீட்டில் குடியேறியது.

முகவரியைப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். முதலில் கூகுள்.காம், அடுத்து ஆம்ப், அடுத்து எஸ் என்று ஓர் எழுத்து, அதற்குப் பிறகுதான் பத்திரிகையின் பெயர். ஒரு பத்திரிகையின் செய்தியைப் படிக்கும்போது விரல் பக்கவாட்டில் நகர்ந்தால், இன்னொரு பத்திரிகையின் செய்திக்குத் தாவிவிடும். அசல் முகவரியை எடுக்க மேல்பட்டையில் ஒரு சங்கிலிக் குறி வேண்டும் என்று பலரும் கேட்டுக்கேட்டு, 2017 பிப்ரவரியில்தான் அது வந்தது.

முகவரி யாருடையது என்பது சின்ன விஷயம் அல்ல. ரஷ்ய அரசை விமர்சித்து எழுதிவந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் டேவிட் சாட்டருக்கு 2016இல் போலி மின்னஞ்சல் ஒன்று வந்தது. கடவுச்சொல்லைத் திருட அனுப்பியது. அதிலிருந்த இணைப்பு கூகுள்.காம், ஆம்ப் என்றுதான் தொடங்கியது. அவர் ஏமாந்தார். திருடிய கடிதங்களைத் திருத்திப் பொதுவெளியில் விட்டார்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் 2017 மே மாதம் இதை விரிவாக ஆவணப்படுத்தியது. முகவரியின் முதல் பெயரைப் பார்த்து நம்பு என்றுதான் இணையத்தில் எல்லோருக்கும் சொல்லித்தருகிறோம். அந்தப் பாடத்தையே இந்த முகவரி முறை பலவீனமாக்கியது.

இவ்வளவு குறை இருந்தும் பத்திரிகைகள் ஏன் ஒத்துக்கொண்டன? சென்னையில் ஒரு செய்தித் தளத்தின் இணையப் பிரிவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவரிடம் கேட்டேன். “அண்ணே, மேல வர்ற அந்த வரிசைல நம்ம செய்தி இல்லேன்னா அன்னைக்குக் கூட்டமே வராது. ஆம்ப் இல்லாம அந்த வரிசைல இடமே கிடையாது. பிடிக்குதா பிடிக்கலையான்னு யாரு கேட்டா?” என்றார். அவர் சொன்னது ‘டாப் ஸ்டோரீஸ்’ என்ற வரிசையை. 2016 பிப்ரவரியில் கைபேசித் தேடலில் ஆம்ப் பக்கங்கள் அங்கே இடம்பிடித்தன. ஒவ்வொரு செய்தியையும் இரண்டு வடிவத்தில் பராமரிக்கப் பெரிய நிறுவனங்களிடம் ஆள் இருந்தது. சிறிய தளங்கள் ஏதோ ஒரு செருகுநிரலைப் போட்டுச் சமாளித்தன. செருகுநிரலுக்குப் புரியாத அட்டவணையும் வரைபடமும் உதிர்ந்துபோயின. அணைப் பட்டியல் போன வழியும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

எதிர்ப்பு வராமல் இல்லை. 2018 ஜனவரியில் இணைய வடிவமைப்பாளர்களும் நிரலாளர்களும் திறந்த மடல் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். வேகத்துக்கு முன்னுரிமை கொடுங்கள், ஆம்ப் என்ற வடிவத்துக்குக் கொடுக்காதீர்கள். நகலை உங்கள் முகவரியில் காட்டாதீர்கள் என்பதே அதன் சாரம். மிக நியாயமான கோரிக்கை. 2019இல் கூகுள் தந்த பதில் வேறு மாதிரி இருந்தது. பத்திரிகை கையொப்பமிட்டுத் தந்த நகலை கூகுள் வழங்கும்போது, குரோம் உலாவி பத்திரிகையின் முகவரியையே காட்டும். மொசில்லா இந்த உத்தியை இணையத்துக்குக் கேடு என்று மறுத்தது. அதே வருடம் ஆம்ப் திட்டம் ஓப்பன்ஜேஎஸ் என்ற அறக்கட்டளைக்குப் போனது. ஆம்பின் ஆலோசனைக் குழுவில் இருந்த டெரன்ஸ் ஈடன் 2020 டிசம்பரில் விலகினார். அதே மாதம் டெக்சாஸ் தலைமையில் பத்து அமெரிக்க மாநிலங்கள் கூகுள்மீது விளம்பரச் சந்தை வழக்குத் தொடுத்தன. ஆம்ப் அல்லாத பக்கங்களின் விளம்பரங்களை வேண்டுமென்றே ஒரு விநாடி தாமதப்படுத்தினார்கள் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. கூகுள் அதை மறுத்தது.

2021இல் ‘டாப் ஸ்டோரீஸ்’ வரிசைக்கு ஆம்ப் கட்டாயம் என்ற நிபந்தனை நீங்கியது. எந்த வடிவில் எழுதினாலும் பக்கம் உண்மையில் எவ்வளவு வேகமாக, குதிக்காமல் வருகிறது என்பதை அளக்கத் தொடங்கினார்கள். மடல் எழுதியவர்கள் மூன்று வருடம் முன்பு கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். மின்னல் குறியும் மறைந்தது. 2022இல் பிரேவ் உலாவியும் டக்டக்கோவும் ஆம்ப் இணைப்பைத் தொட்டால் அசல் பக்கத்துக்கே கொண்டுபோகும் வசதியைச் சேர்த்தன. அதற்கு வழி அந்த நிரலுக்குள்ளேயே இருந்தது. அசல் முகவரியைச் சொல்லும் ஒரு வரி ஒவ்வொரு ஆம்ப் பக்கத்தின் தலைப்பகுதியிலும் கட்டாயம்.

அந்தத் தம்பியிடம் மறுபடியும் பேசினேன். அவர்கள் தளத்தில் ஆம்பை நிறுத்திவிட்டார்கள். வருகை குறைந்ததா என்று கேட்டேன். “பெருசா ஒண்ணும் இல்லண்ணே. ரெண்டு பக்கம் பாக்குற வேலைதான் மிச்சம். ஆனா பழைய லிங்க்கெல்லாம் வாட்ஸ்அப்ல இன்னும் சுத்துது, அதையெல்லாம் அசல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டிருக்கோம். அதை மட்டும் எடுக்க முடியாது” என்றார்.